டெஸ்ட்டுக்குக் குடித்தது கணக்கில் வராது

ஃப்ரிட்ஜ்காரர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சோறு பாதியாகக் குறைந்தது. ரொட்டி போயே போய்விட்டது. எண்ணெயில் விழுந்து எழுந்த எதுவும் அவர் தட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் வேகவைத்த முட்டையிலிருந்து மஞ்சள் கருவைத் தோண்டி மனைவியின் தட்டில் வைத்துவிட்டு, வெள்ளையை மட்டும் தண்டனை போல மென்றார். இரவுக்கு வெள்ளரிக்காய். இவ்வளவுக்கும் எடை மிஷின் அவரை ஒரு பொருட்டாக மதித்ததாகத் தெரியவில்லை. முள் ஒரு மயிரிழை இறங்கும். அடுத்த வாரம் வட்டியோடு ஏறி நிற்கும்.

அழகுக்காக இளைக்க நினைத்தவர் அல்ல அவர். தொப்பையும் அவரும் நெடுநாள் சிநேகிதம். ஒருவரையொருவர் குறை சொன்னதில்லை. விஷயம் அவருடைய ஒரே தங்கை. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு காலத்தைத் தள்ளுகிறாள். குடும்பத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் அண்ணனுடையதுதான் பொருந்தியது. "எல்லாம் சரியா இருக்கு. எடைதான் ஜாஸ்தி. எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, ஆபரேஷனுக்கு நாள் பார்த்துடலாம்," என்றார் பெரிய டாக்டர். சொல்வதற்கென்ன, அவர் ஒல்லி.

அண்ணன் அன்றைக்கே சபதம் எடுத்தார். மனைவி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். பிஸ்கட் டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது. வெறும் வயிற்றில் ஜூஸ் குடித்தால் கொழுப்பு கரையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் ஆறு ஆரஞ்சைப் பிழிந்து, புளிப்பு தெரியாமல் இருக்கத் தேன் விட்டு, பெரிய கிளாஸ் நிறைய நீட்டினாள். அதே ஆறு பழத்தை உரித்துத் தட்டில் வைத்திருந்தால் "என்னைக் குரங்குன்னு நினைச்சியா" என்று கேட்டிருப்பார். பிழிந்து கொடுத்ததால் ஒரே மூச்சில் உள்ளே போயிற்று. குடித்த பிறகு இருவருமே கொஞ்சம் இளைத்துவிட்ட மாதிரி உணர்ந்தார்கள்.

ஆனால் முதலில் அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கேதான் கோளாறு.

பழுதான ஃப்ரிட்ஜைச் சரிசெய்வதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கேஸ் குறைவா, தெர்மோஸ்டாட் போய்விட்டதா, கதவு ரப்பர் தளர்ந்துவிட்டதா என்று மோட்டார் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும், "வீட்ல குடிக்க என்ன இருக்கோ, ஒரு பாட்டில் உள்ள வைங்க. கொஞ்ச நேரத்துல வர்றேன்," என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார். திரும்பி வந்து அந்த பாட்டிலைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். குளிர் நாக்கோடு நின்றால் கேஸ் போதவில்லை. தொண்டையில் பிடித்தால் பரவாயில்லை. நெஞ்சுவரை இறங்கினால் வேலை சுத்தம். பச்சைத் தண்ணீர் இதற்கு உதவாது, இனிப்பு இருந்தால்தான் குளிர் உண்மையைச் சொல்லும் என்பது அவருடைய சித்தாந்தம். இதற்கு விஞ்ஞானத்தில் இடம் உண்டா என்று கேட்கக்கூடாது. கோலா, மாம்பழ ஜூஸ், பால் கலந்த குளிர்ந்த காப்பி, வீட்டுக்காரர் எதை வைக்கிறாரோ அது. கொஞ்சம் குடித்துவிட்டு மீதியை வைப்பது மரியாதையில்லை என்பதால் பாட்டில் காலியாகும். கம்பெனி கொடுத்த தெர்மாமீட்டர் பையின் அடியில் உறை பிரிக்காமல் கிடந்தது.

வெயில் காலத்தில் அவருக்கு நிற்க நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் பெண் அவரை உட்கார வைத்து, காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறார் என்று தோண்டித் துருவினாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"குடிக்கிறதுக்கு?"

"டீ, சக்கரை போடாம. தண்ணி. காலையில பழ ஜூஸ், உடம்புக்கு நல்லதுன்னு."

"கூல்டிரிங்க்ஸ்?"

"அந்தப் பழக்கமே இல்லைங்க," என்றார், மனசாட்சியைத் தொட்டு.

அவர் பொய் சொல்லவில்லை. கடையில் நின்று காசு கொடுத்து அவர் ஒரு பாட்டில் வாங்கியதே கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தது டெஸ்ட். ஸ்பேனரைக் கையில் பிடிப்பதும் பாட்டிலை வாயில் வைப்பதும் அவருக்கு ஒன்றுதான். வேலையை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? அந்தப் பெண் ஜூஸைக் குறைக்கச் சொன்னாள். மனைவி கிளாஸைச் சின்னதாக மாற்றினாள், தேனை மாற்றவில்லை.

மூன்றாம் முறை எடை பார்த்தபோது, குறைந்திருக்க வேண்டிய மனிதர் ஒரு கிலோ கூடியிருந்தார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படியே போனா சரிவராது. உங்க தங்கச்சியால ரொம்ப நாள் காத்திருக்க முடியாது. வேற வழியும் பார்க்க வேண்டியிருக்கும்," என்றார். வேறு வழி என்பது எங்கோ முகம் தெரியாத ஒருவர் கொடுப்பதற்காக வரிசையில் நிற்பது. அந்த வரிசையின் நீளம் எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜ்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைய வெள்ளரிக்காயையும் ஒதுக்கிவிட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அந்த வாரமே தங்கை வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணியது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். தங்கை சமையலறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அண்ணன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு இப்போது நாற்காலியிலிருந்து எழுந்தாலே மூச்சு வாங்குகிறது. கணுக்கால் வீங்கியிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி அவர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே காற்றைச் சுற்றிவிடும் ஃபேன் சிக்கிக்கொண்டிருந்தது. கழற்றித் துடைத்து மாட்டினார். வேலை முடிந்தது. இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். ஃப்ரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்ததும் எழுந்து கதவைத் திறந்து, கண்ணில் பட்ட சின்ன பாட்டிலை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். எலுமிச்சை மணத்தோடு வெறும் தண்ணீர். ஆனாலும் நெஞ்சுவரை இறங்கியது.

"சுத்தமா இருக்கு," என்றார்.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது இன்னிக்கு முழுக்க எனக்கு உள்ள தண்ணிண்ணா."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஒரு நாளைக்கு அந்தச் சின்ன பாட்டில் அளவுதான், அதற்கு மேல் போனால் நீர் நுரையீரலில் ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"போனா போகுது, வேற ரொப்பிக்கலாம்," என்றாள். "நீ ஒரே மடக்குல குடிச்சத நான் படுக்கிற வரைக்கும் குடிப்பேன். தொண்டைய நனைச்சு நனைச்சு வைப்பேன். ஆனா நீ குடிச்சதப் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு."

அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பார்.

"நான் குடிக்கலம்மா. டெஸ்ட் பண்ணேன். எல்லா வீட்லயும் பண்றதுதான்."

"எல்லா வீட்லயுமா?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அங்க எதைக் குடிச்சு டெஸ்ட் பண்ணுவ?"

சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. தங்கை சர்க்கரை டப்பாவையும் ஒரு தட்டையும் எடுத்து வைக்கச் சொன்னாள். மாப்பிள்ளை குடித்துப் போட்ட கோலா பாட்டில் ஒன்று குப்பைக்குப் போகக் காத்திருந்தது. "பின்னாடி எழுதியிருக்கிறதப் படி," என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஃப்ரிட்ஜ்காரர் ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். மருந்துச் சீட்டுப் படித்துப் பழகிய தங்கைக்குக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை ஸ்பூன் என்று அவள் சொல்ல, அவர் அள்ளித் தட்டில் போட்டார். காலை ஜூஸுக்கும் போட்டார். வெயில் நாள் ஒன்றின் டெஸ்ட் தட்டில் ஏறி முடிந்தபோது, இரண்டு மாதமாக அவர் தியாகம் செய்த சோறு அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கக் கூட லாயக்கில்லை.

"டெஸ்ட் பண்ணது வயித்துக்குள்ள போகாம வேற எங்கண்ணா போகும்?" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணு கேக்கட்டா? பயமா இருந்தா நேரா சொல்லிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன். எடை மேல பழியப் போட்டுத் தள்ளிக்கிட்டே போகாத. அதுதான் என்னால தாங்க முடியல."

"சத்தியமா தெரியாமதாம்மா குடிச்சேன்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. சர்க்கரையை டப்பாவில் திரும்பக் கொட்டச் சொன்னாள்.

மறுநாள் தெர்மாமீட்டர் உறையிலிருந்து வெளியே வந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. "நீங்க குடிச்சுப் பார்த்துச் சொன்னாத்தாங்க எங்களுக்கு நம்பிக்கை," என்று ஒரு தையல்கார அம்மா பாட்டிலோடு வாசல்வரை துரத்தி வந்தார். "நீங்களே குடிச்சுப் பாருங்கம்மா, நான் நிக்கிறேன்," என்று சொல்லி, அந்த அம்மா குடிப்பதை எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தார். வீட்டில் ஆரஞ்சு ஜூஸை நிறுத்தச் சொன்னதில் சின்ன யுத்தமே நடந்தது. "நான் என்ன விஷத்தையா பிழிஞ்சு கொடுத்தேன்?" என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு பழத்தை உரித்துத் தட்டில் வைத்தாள். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. தொண்டை எதையோ கேட்டு நச்சரித்தது. பச்சைத் தண்ணீரைக் கொடுத்து வாயை அடைத்தார்.

முள் இறங்கத் தொடங்கியது. பாதிச் சோற்றை மறுபடி சேர்த்துக்கொண்டும் இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள். டாக்டர் முதுகில் தட்டினார்.

ஆனால் ஃப்ரிட்ஜ்காரருக்கு வேறொரு உபாதை பிடித்தது. எடை இறங்காதவரை ஆபரேஷன் என்பது பேச்சளவில்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் அது ஓர் அடி நெருங்கி வந்தது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று இடுப்புக்கு மேலே தடவிப் பார்த்துக்கொள்வார். எங்கே வெட்டுவார்கள், எவ்வளவு ஆழம், மயக்கம் தெளியாவிட்டால் என்ன ஆகும் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

கடைசி எடைக்கு முந்தின வாரம், ஒரு அடுக்குமாடி வீட்டில் வேலை முடிந்தது. தெர்மாமீட்டர் கச்சிதமாகக் காட்டியது. கிளம்ப வேண்டியதுதான். அவரோ நின்று, "அந்த மில்க்ஷேக் பாட்டில ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் சந்தோஷமாகக் கொடுத்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குடித்தார். அடிவரை குடித்து, காலி பாட்டிலைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்ததையும் படித்தார். இதற்கு டெஸ்ட் என்று பெயர் வைக்க அவருக்கே வாய் வரவில்லை. எடை கூடினால் தேதி தள்ளிப்போகும். அதற்காகத்தான் குடித்தார். படியிறங்கும்போது, தங்கை கேட்ட கேள்விக்கு அன்றைக்கே சரியான பதில் சொல்லவில்லையோ என்று சுருக்கென்றது. வெட்கத்தில் காது சுட்டது. எஞ்சிய நாட்களில் ஒரு சொட்டு இனிப்பு தொடவில்லை.

எடை பார்க்கும் நாள் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் ஏறினார். நர்ஸ் குனிந்து பார்த்தாள். "டாக்டர் சொன்னதுக்குக் கீழயே இருக்கீங்க. தேதி போட்டுடலாமா?" என்று கேட்டாள். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தாள். "போடுங்க," என்றார்.

வராந்தாவுக்கு வந்து தங்கைக்கு போன் போட்டார்.

"எடை சரியாயிடுச்சும்மா."

"பயமா இருக்காண்ணா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றார். "ரொம்ப நாளாவே இருந்திருக்கு. போன வாரம் ஒரு பாட்டில் தெரிஞ்சே குடிச்சேன். அப்படியும் எடை ஏறல."

"அப்போ என்னண்ணா பண்ணலாம்?"

"தேதி கொடுத்தாச்சு. மாப்பிள்ளையை லீவு போடச் சொல்லு."

அவள் அழுவது கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றார். தேதியை மாற்றச் சொல்ல உள்ளே போகவில்லை.