ஒட்டிலியோ வாங்கிய பெரிய சக்

எங்கள் ஊர் சார்ச்சியில் மாட்டுவண்டி ஊர்வலம் நடந்த ஞாயிறன்று நிடியா தன் அண்ணன் ஒட்டிலியோவின் வீட்டை விட்டுப் போனாள். தெருவெல்லாம் வண்டிகள் நின்றதால் பேருந்து வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாதையில் நடந்தாள். ஒட்டிலியோ பட்டறை வாசலில் நின்று பார்த்தார், கூப்பிடவில்லை.

அவர் லேத்தில் மரக்கிண்ணம் கடைவார், அவள் மெருகேற்றி விற்பாள். சண்டை வந்தது சக்கினால். சுழலும் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்பை எங்கள் தெருப் பட்டறைகளில் வாசலைப் பார்த்து மாட்டிவைப்பார்கள். சக் பெரிதென்றால் பட்டறையும் பெரிதென்று வாங்க வருபவர்கள் நினைப்பார்களாம். பழையது தேய்ந்துபோனதும், கடையில் இருந்ததிலேயே பெரியதை ஒட்டிலியோ வாங்கிவந்தார்.

"அண்ணே, நம்ம லேத் சின்னது. இந்தக் கனத்தைத் தாங்காது," என்றாள் நிடியா. "கிண்ணத்தோட அடியைக் கவ்வுற அளவுக்குத் தாடை இருந்தாப் போதாதா?"

"மெருகு போடறவளுக்கு லேத்தைப் பத்தி என்ன தெரியும்?"

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் மெருகுத்துணியை மடித்து வைத்தாள். மறுநாள் போய்விட்டாள்.

புதுச் சக்கை முழுக்க இறுக்கினாலும் தாடைகள் சின்ன அடிப்பாகத்தைப் பிடிக்கவில்லை. அதனால் அடியைத் தடிமனாக விட்டே கடைந்தார். கிண்ணங்கள் பூட்ஸ் போட்டதுபோல நின்றன. வந்தவர்கள் கவிழ்த்துப் பார்த்து, வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் லேத்தின் பேரிங்கும் உறுமத் தொடங்கியது. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் சின்னச் சக் ஒன்று வாங்கி மாட்டினார்.

நிடியா கடலோர ஊரான புந்தாரெனாஸில் இருந்தாள். போய்த் தங்கையை அழைத்து வரும்படி தெருக்காரர்கள் நாங்கள் சொன்னோம். மழை விடட்டும் என்றார். மழை விட்டதும் காப்பி அறுவடை முடியட்டும் என்றார். நான் ஊர் ஊராகச் சுற்றிப் பல வருடம் கழித்துத் திரும்பியபோதும் அதையேதான் சொன்னார். "அவ சொன்னது சரின்னு சொல்லணும்ல. அதான் வாய் வரல," என்றார் ஒருமுறை, சூடான வெல்லத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே.

சென்ற மாதம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவருக்குக் காது மந்தம். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நிடியா அனுப்பிய குரல்செய்தி.

"அண்ணே, இங்க சொந்தமா பட்டறை போட்டிருக்கேன். நானே கடையறேன். கூப்பிடுவீங்கன்னு ரொம்ப நாள் காத்திருந்தேன். இப்ப என்கூட வேலை பாக்க ஒரு பொண்ணு இருக்கா. இனி இங்கதான். உடம்பப் பாத்துக்குங்க."