மோந்து பார்த்த புளியோதரை

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது மல்லேஸ்வரத்தில் குடியிருந்து மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சனிக்கிழமை தவறாமல் பக்கத்துத் தெருப் பெருமாள் கோயிலுக்குப் போவேன். அர்ச்சகர் பெருமாளை நூற்றெட்டு நாமம் சொல்லிப் புகழ்வார். நாங்கள் கைகூப்பி நிற்போம். பிறகு தொன்னையில் புளியோதரை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேசாமல் சாப்பிடுவோம். பிரசாதத்தை நன்றாயிருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, உப்பில்லை என்றும் சொல்லக் கூடாது. அது எங்கள் வழக்கம்.

இதில் எனக்கு வெகுநாளாக ஒரு யோசனை. மடைப்பள்ளியில் சமைக்கிறவர் வயதான ஓர் ஐயங்கார். சமைக்கும்போது மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்வார். பெருமாளுக்கு முன்னால் தான் ருசி பார்த்துவிடக் கூடாது, வாசனைகூடப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. நைவேத்தியம் ஆன பிறகும் ஒரு பருக்கையைத்தான் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார். அப்படியானால் தன் புளியோதரை எப்படி இருக்கும் என்று அந்த மனுஷருக்குத் தெரியுமா, தெரியாதா?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைக் கோயில் குழாயடியில் பார்த்தேன். யாரோ பாதி தின்று போட்ட தொன்னை ஒன்று கையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை போயிடுத்து, ஓய்," என்றார். "ஜனங்க வாயைத் திறந்து சொல்ல மாட்டா. ஆனா தூக்கிப் போடறா பாரும். திங்கக்கிழமை ஆனேக்கல் பஸ் ஏறிடப் போறேன். மாப்பிள்ளை ஆத்துல ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன்."

"இன்னா சாமி இப்பிடி சொல்றீங்க?" என்றேன். அவர் தொன்னையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி முழுதும் மனசு சரியில்லை. பெருமாளுக்கு நூற்றெட்டு சொல்கிறோமே, இவருக்கு ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

குளித்து, நாமம் போட்டுக்கொண்டு போனேன். பூஜை மணி இன்னும் அடிக்கவில்லை. மடைப்பள்ளி வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அண்டாவில் புளிக்காய்ச்சலைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். ஆவி நேராக என் முகத்துக்கு வந்தது. நான் மூச்சை நன்றாக இழுத்து, "ஆகா! சாமி, இந்த வாசனைக்கே ஊரைக் கூப்பிடலாம்!" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது.

"மோந்து பார்த்துட்டேளா?" என்றார் துணிக்குள்ளிருந்து. "பெருமாள் இன்னும் பார்க்கலியே! என்ன காரியம் பண்ணிட்டேள்!"

ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போய் ஓர் அண்டா சோற்றைச் சாமிக்கு ஆகாமல் பண்ணிவிட்டேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. அண்டாவை இறக்கி ஒதுக்குப்புறமாக வைத்தார். "போகப் போற சமயத்துல இது ஒண்ணுதான் பாக்கி," என்றார். அதைக் கேட்டதற்கு, நாலு திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கோயிலில் அன்றன்றைக்கு அளந்து கொடுத்த அரிசிதான் இருக்கும். வீட்டுக்கு ஓடினேன்.

"பிரசாதம் கொண்டாருவீங்கன்னு பாத்தா, அரிசி கேட்டு வர்றீங்களே!" என்றாள் என் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். "வூட்ல இருவது வருசமா ஆக்கிப் போடறேன், ஒரு நாளு மூக்க உறிஞ்சி ஆகான்னீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அரிசியும் புளியும் எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பி ஓடினேன்.

அவர் மறுபடி சமைத்தார். நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்து, வாசலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நைவேத்தியம் ஆயிற்று. எல்லோரும் தொன்னை வாங்கி, வழக்கம்போல் வாய் பேசாமல் சாப்பிட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. முதல் அண்டா இன்னும் அப்படியே இருக்கிறதே? அது பிரசாதம் இல்லை, வெறும் சோறு. வெறும் சோற்றைப் பற்றி யாரும் என்ன வேண்டுமானாலும் பேசலாமே! அவரிடம் கேட்டேன். "எதையாவது பண்ணும்," என்றார். அண்டாவை வெளியே அரசமரத்தடிக்குக் கொண்டுபோய், "இது சாமிக்கு வெக்காத சோறு. யாரு வேணா துன்னலாம், மனசுல பட்டத சொல்லலாம்," என்று கூவினேன்.

பூக்காரம்மா முதலில் கை நீட்டினாள். ஜட்கா வண்டிக்காரர் வந்தார். கோயிலுக்குள்ளே சாப்பிட்டவர்கள்கூட இன்னொரு தரம் வந்தார்கள். எப்படிப் பேசினார்கள் என்கிறீர்கள்! அத்தனை வருஷத்துப் பேச்சும் அன்றைக்கே வந்துவிட்டது.

"இன்னா கைய்யா இது! எம் மருமவ பண்ணா புளித்தண்ணிதான் வருது. அவள இங்க கொண்டாந்து உடணும்," என்றாள் பூக்காரம்மா.

"பஹள சென்னாகிதே ஸ்வாமி," என்று, ரொம்ப நன்றாயிருக்கிறதென்றார் ஜட்காக்காரர் கன்னடத்தில். பிறகு தமிழில், "ஆனா காரம் கொஞ்சம் ஜாஸ்தி. கண்ணுல தண்ணி வருது," என்றார்.

"கண்ணுல தண்ணி வருதுன்னுட்டு மூணாவது வாட்டி வாங்குறியே!" என்றாள் அவள்.

"ஏண்டா, காரம் ஜாஸ்தியா?" என்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஐயங்கார் கதவருகில் நின்றிருந்தார். மூக்குத்துணி கழுத்தில் தொங்கியது. எத்தனை நேரமாக நின்றாரோ தெரியாது. "இந்தத் தடவை வந்த மொளகா அப்படி. நான் என்ன பண்றது? போன மாசம் காரமா இருந்துதா, சொல்லு?"

"போன மாசம் கரெக்டா இருந்திச்சி ஸ்வாமி."

"அப்ப மொளகாதான். என் கை இல்லை," என்றார். கிட்டே வந்து, "அரிசி குழைஞ்சிருக்கா? உப்பு?" என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். வரிசை பிடித்துக் கேட்டார். பரீட்சை எழுதிய பையன் மார்க்கு கேட்பது போல இருந்தது எனக்கு.

"நீங்க ஒரு வாய் துன்னு பாருங்க சாமி," என்றேன். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தோம். வழித்துத் துடைத்திருந்தார்கள்.

"ஒண்ணும் மிச்சமில்லியே!" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"திங்கக்கெழம ஆனேக்கல் பஸ்ஸு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"போறேன். பொண்ணைப் பார்த்து நாளாச்சு," என்றார். "சனிக்கிழமைக்குள்ள வந்துடறேன். மொளகாயைக் கொறைச்சுப் பார்க்கணும்."