சங்ககிரியில் ஒரு மௌன வகுப்பு

ஆவணி, வளர்பிறை ஞாயிறு. சங்ககிரி அருகே பெர்மாகல்ச்சர் என்னும் இயற்கையோடு இயைந்த வேளாண்மை பயில வந்த நாங்கள் வேப்பமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம். காற்றையும் நிழலையும் கவனிப்பதுதான் முதல் பாடம். கற்றுத் தருபவர் அந்தத் தோட்டத்துப் பெண் கவிதா.

வாசலில் கார் நிற்கிறது. கவிதாவைப் பெண் பார்க்க வந்தவர்கள். பூத்தட்டோடு இறங்கும் பெரியவர் எங்களைப் பார்த்துத் திகைத்து, என்னிடம் குனிகிறார்.

"ஏனுங்க, ஊட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"

பேசக்கூடாதே! தலையைத் தொங்கப் போடுகிறேன். பூத்தட்டு காருக்குள் போகிறது. கார் திரும்பிப் போகிறது.

கவிதா சிரித்தபடி வருகிறார். "இதுக்குத்தானுங்க இன்னைக்கே வகுப்பு வெச்சேன். கட்டிக்கிட்டுப் பெங்களூரு போயிட்டா தோட்டத்தை யாருங்க பாக்கறது? கச்சாயம் சூடா இருக்குது, சாப்புடுங்க."

அவர் அம்மா வீட்டுக்குள்ளிருந்து என்னிடம் ஓடிவருகிறார். "வந்தவங்க எங்கீங்க சாமி?"

என் வாய் நிறையக் கச்சாயம்.