ஐந்தாவது நிகழ்ச்சி

லாலாகுடா ரயில்வே குடியிருப்பை ஒட்டிய மன்றக் கூடத்தை எங்கள் வீட்டில் ‘மியூசிக் ஹால்’ என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரர் காலத்தில் பட்டறைக்காரர்களின் பொழுதுபோக்குக்காகக் கட்டியது. இங்கிலாந்தில் மதுக்கடைப் பின்னறையில் பாடியவர்களுக்குத் தனிக் கூடம் எழுந்தபோது, மேசையும் குவளையும் கூடவே வந்துவிட்டனவாம். எங்கள் கூடத்தில் பீருக்குப் பதில் டீ, மிளகாய் பஜ்ஜி. மற்றபடி விதி அதேதான். சபாவைப் போல வாய்மூடி உட்காரக் கூடாது. தின்னலாம், பேசலாம், மேடையில் இருப்பவரைச் சீண்டலாம். பல்லவியைக் கூட்டம்தான் பாட வேண்டும்.

அப்பா பட்டறையில் ஃபிட்டர். ஆண்டு விழாவில் ஐந்தாவது நிகழ்ச்சி அவருடையது. அம்மாவைக் குறைசொல்லி ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு வருவார். ‘ஆமா’வுக்கு ‘ஹவ்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்று எங்கள் ஊர் உருதும் அதில் கலந்திருக்கும். அம்மா தன் மேசையிலிருந்தே பதில் சொல்வாள். என்ன பதில் என்று அவருக்கும் முன்கூட்டித் தெரியாது.

“பட்டறை எஞ்சினுக்கெல்லாம் எண்ணெ உண்டு, எங்க வீட்டுத் தோசைக்கு மட்டும் நக்கோன்றா!”

“எஞ்சினுக்குத் தொப்பை இல்லீங்க!”

மேசைகள் அதிரும். அப்பா வயிற்றைத் தடவிக்கொண்டு, “ஹவ், அதுவும் சரிதான்” என்பார்.

சென்ற ஆண்டு அப்பா மாரடைப்பில் இறந்தார்.

விழாவின் நிகழ்ச்சி நிரலைச் சில ஆண்டுகளாக நான்தான் தட்டச்சு செய்கிறேன். தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைச் சோதித்துப் பட்டியலிடுவது என் வேலை. காலியாக ஒரு வரி இருந்தால் அது பிழை. இந்த ஆண்டு நிரலில் அப்பாவின் வரியை நீக்கினேன். ஆறை ஐந்தாக்கினேன், ஏழை ஆறாக்கினேன். அழவில்லை. இருமுறை சரிபார்த்து அனுப்பினேன்.

விழாவில் அம்மா பஜ்ஜியைத் தொடவில்லை. நான்காவது பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொகுப்பாளர் மேசையைத் தட்டி, “அஞ்சு, மாயாஜாலம்” என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “உங்கப்பாது எங்கடி?”

“அப்பாதான் இல்லையேம்மா. எப்படிப் போடறது?”

அம்மா மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் மேசையில் இருந்த பக்கத்து வீட்டு அத்தைதான் சொன்னார். “மொத வருஷம் பேரை எடுக்க மாட்டாங்கம்மா. கூப்பிட்டுட்டு, மேடையைக் காலியா விட்டுடுவாங்க. அவங்க பாட்டை ஜனங்களே பாடும். எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்தே. அந்த ஒரு வருஷம்தான். உங்கம்மா பதில் சொல்லுவான்னுதான் நாங்கல்லாம் உக்காந்திருக்கோம்.”

நான் தொகுப்பாளரிடம் ஓடினேன். “உன் லிஸ்ட்ல இல்லைம்மா. உங்களுக்குத் தாங்காது, அதான் நீயே எடுத்துட்டேன்னு நெனச்சோம்” என்றவர், அம்மாவிடமே வந்து குனிந்து கேட்டார். “அக்கா, கடைசியில வெச்சுக்கலாமா?”

“நக்கோ” என்றாள் அம்மா. “அஞ்சாவதுல வர்ற மனுஷனைக் கடைசியில நிக்க வெக்காதீங்க.”

மேடையில் மாயாஜாலக்காரர் தொப்பியிலிருந்து கைக்குட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். “என்னம்மா பதில் வெச்சிருந்தே?”

“அதை அங்கதான் சொல்லணும்.”

“சொல்லும்மா. நான் சிரிக்கிறேன்.”

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ ஒருத்தி மட்டுமா?” என்றாள்.