மூன்றாம் சரணத்தின் கடைசி அடி

"திருவருகைக்காலம், இரண்டாம் ஞாயிறு. காலைப் பூசைக்குப் பின். பிறதர் பாடச் சொன்னார். நாங்கள் பாடவில்லை."

என் குறிப்புக் கொப்பியில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மற்ற நாள்களுக்கெல்லாம் மணி எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எழுதவில்லை.

பிறதர் என்று ஊர்காவற்றுறையில் நாங்கள் அழைத்தவர் ஒரு துறவி, குருப்பட்டம் பெற்றவரல்லர். நெடுந்தீவில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்து, இளவயதில் மடத்தில் சேர்ந்தார். பாட்டுக் கட்டுவதும் அதைத் தீவு தீவாகப் போய்ப் பழக்குவதுமே அவருடைய சீவியம். தாளில் எதையும் எழுதித் தரமாட்டார். கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஓரடி பாடுவார். அவர்களில் ஆக மோசமான குரல் அதைச் சரியாகப் பாடிய பிறகுதான் அடுத்த அடி. பல தடவை அந்தக் குரல் என்னுடையதாக இருந்தது.

பெரிய வெள்ளிக்கென்று அவர் கட்டியது, மகனின் உடலை மடியில் கிடத்திய தாயின் புலம்பல். தவக்காலத்திலும் செத்த வீட்டிலும் மட்டுமே அதைப் பாடுவோம். வேறு நாளில், அதுவும் நோய் வந்து வருத்தக்காரர் படுத்திருக்கும் வீட்டில் பாடினால் சாவைக் கூப்பிட்டது போலாகும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய அந்த ஞாயிறு, கோயிலோடு ஒட்டிய அறையில் பிறதர் கட்டிலில் இருந்தார். குரல் போய்விட்டது, பேச்சு மட்டும் மெல்ல வரும். கை நடுக்கத்தால் ஆர்மோனியமும் ஏலாது. மூன்றாம் சரணத்தின் கடைசி அடியைத் தான் பிழையாகப் போட்டுவிட்டதாகவும், நாங்கள் பாடினால் அந்த இடத்தில் நிறுத்தித் திருத்தலாம் என்றும் சொன்னார். பாட்டை முன்னெடுக்கும் அக்கா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"விபூதிப் புதன் வரட்டும் பிறதர், தவக்காலம் தொடங்கட்டும். அண்டைக்குப் பின்னேரமே வந்து பாடுறம்."

"அதுக்குள்ளை நான் போயிட்டனெண்டால்?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"செத்தால் பாடுவியள்தானே பிள்ளை. அப்ப ஆர் திருத்துறது?"

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்துச் சமாளித்தோம். வாயாலாவது சுரத்தைச் சொல்லும்படி நான் கேட்டேன். கேட்டால்தான் இடம் பிடிபடும் என்றார். நான் ஒருவனாவது பாடியிருக்கலாம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதைக் கொப்பியில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

விபூதிப் புதனுக்கு முந்திய வெள்ளி, காலை ஐந்தே காலுக்கு அவர் இறந்தார். அன்று பின்னேரமே பாடினோம்; இப்போது தடையேதும் இல்லை. மூன்றாம் சரணத்தின் கடைசி அடிக்கு வந்ததும் அக்கா வாயை மூடிக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் வழக்கம்போல் சுரத்தை இறக்கிப் பாடி முடித்தார்கள்.

எழுவைதீவில் அந்த அடியை இறக்காமல், ஒரே சுரத்தில் நிறுத்திவிடுகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். படகெடுத்துப் போய் இரண்டு பேரிடம் விசாரித்தேன். கடைசியாக வந்தபோது பிறதரே அப்படி மாற்றிப் பழக்கினார் என்கிறார் ஒருவர். தங்களுக்கு இறக்கிப் பாட வராது, அதனால் விட்டுவிட்டோம் என்கிறார் மற்றவர். இரண்டில் எது சரியென்று இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.