சப்போரோவோடு முடிந்த ஜப்பான்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில், அம்மா சமைக்கும் குசினிச் சுவரில், முருகன் கலண்டருக்குப் பக்கத்தில் ஜப்பான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வரைபடத்தை அங்கே ஒட்டியவர் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, அங்கிருந்து மொஸ்கோ, பிறகு எங்கெங்கோ சுற்றி அவர் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடங்களாகியிருந்தன. நானும் அவரும் ஒரே அறையில் படுத்தோம். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த வயதைப் பற்றி எங்கள் வீட்டில் ஏதோ தீராத வருத்தத்தைப் பற்றிப் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

சின்னம்மா ஈஸ்ட் ஹாமில் ஒரு படம் கழுவும் கடையில் வேலை செய்தார். ஊராரின் பிறந்தநாள், பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடு, கடற்கரைப் பயணம் எல்லாம் அவருடைய கை வழியாகத்தான் வெளியே வந்தன. அங்கே வாடிக்கையாக ஒரு ஜப்பானிய அம்மா வருவார். வசந்தத்தில் தன் நாட்டுக்குப் போய்வந்து, சுருள் சுருளாகச் செரிப் பூக்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார். முதல் தடவை அந்தப் படங்கள் இயந்திரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தபோது, நிறம் வெளிறிப் பிழையாகிவிட்டது என்று பயந்து சின்னம்மா மறுபடி அச்சடித்தாராம். இரண்டாம் தரமும் அப்படியே வந்தது. பூவின் நிறமே அதுதான். விஷயத்தைக் கேட்ட ஜப்பானிய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, மேலதிகமாக அச்சடித்த படங்களைச் சின்னம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தப் பைத்தியம். ஜப்பானில் அந்தப் பூ எல்லா ஊரிலும் ஒரே நாளில் பூப்பதில்லை, தெற்கில் தொடங்கி மெல்ல மெல்ல வடக்கே ஏறும் என்று சின்னம்மா எனக்குச் சொல்லித் தந்தார். மார்ச் கடைசியில் ஃபுகுவோகா. பிறகு ஹிரோஷிமா, கியோட்டோ, டோக்கியோ. ஏப்ரல் நடுவில் சென்டாய். அதற்குப் பின் ஹிரோசாகி. மே பிறந்ததும் சப்போரோ. ஒரு ஊரில் வந்தால் ஒரு கிழமை, ஏழே நாள் நிற்கும், அவ்வளவுதான். வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்லத் தெரியாத நான் இந்த ஊர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

அந்த நாட்களில் சின்னம்மாவுக்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பொருத்தம் பார்த்தாயிற்று, படமும் மாறியாயிற்று. மூன்று வருடங்களாக எந்த மாப்பிள்ளைக்கும் தலையசைக்காத சின்னம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

“அத்தான், நான் ஓம் எண்டுறன். ஆனா முதல்ல ஒருக்கா ஜப்பான் போயிட்டு வரவேணும். வந்தவுடன கலியாண எழுத்தை வையுங்கோ.”

“ஜப்பானோ? அங்க ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. பூப் பாக்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பருப்புக் கறியைப் பார்த்தார். பெற்றோல் ஷெட்டில் இரட்டை ஷிப்ட் செய்து களைத்துப்போயிருந்த அப்பாவுக்கு, அந்த ‘ஓம்’ என்ற ஒரு சொல்லுக்காக ஜப்பான் என்ன, சந்திரனுக்கே அனுப்பலாம் என்றுதான் பட்டிருக்கவேண்டும். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குமர்ப்பிள்ளையைத் தனியே விட ஏலாது. ஈஸ்டர் விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அலுமாரியின் மேல்தட்டு எட்டாத நான் சின்னம்மாவுக்குக் காவல்.

எனக்கு அது அடுத்தடுத்து வரும் இரண்டு பரிசுகளாகத் தெரிந்தது. முதலில் ஜப்பான், பிறகு கலியாணத்துக்குப் புதுச் சட்டை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் கட்டிலில் ஒரே போர்வைக்குள் இருந்து பயணம் போட்டோம். ஜப்பானிய அம்மாவின் தங்கை கியோட்டோவில் தங்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கேயும் மூன்று வேளையும் சோறுதான் என்று கேள்விப்பட்டு அம்மா நிம்மதியடைந்து, ஊறுகாய் மட்டும் தந்துவிடுவதாகச் சொன்னார். ஹிரோஷிமாவில் குண்டு போட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்ததால், அந்த ஊர் வேண்டாம் என்று நான் அடம்பிடித்தேன். “அங்கயும் பூக்குதெல்லோ, அதைத்தான் பாக்கவேணும்” என்றார் சின்னம்மா. எங்கள் தெருமுனையில் நின்ற மரத்தைக் காட்டி, “இதுவும் அந்தப் பூத்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு தூரம்?” என்று அம்மா ஒருநாள் கேட்டபோது, “அது கவுன்சில் நட்ட மரம்” என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

ஏன் ஜப்பான் என்று நானும் கேட்டிருக்கிறேன். சின்னம்மா ஒருநாள் சொன்னார்.

“நான் இவ்வளவு காலமும் போன இடமெல்லாம் போனதுதான், குஞ்சு. ஒரு இடத்துக்கும் போயிட்டுத் திரும்பி வந்ததில்லை. ஒருக்காலாவது போயிட்டு வீட்டை வரவேணும்.”

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சவுத்எண்ட் கடற்கரைக்குப் போய் அன்றைக்கே திரும்பி வந்தவள் நான்.

மார்ச்சில் அம்மாவின் கால்கள் வீங்கின. வயிற்றில் தம்பி. பிரஷர் கூடிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துவிட்டார்கள். சின்னம்மா டிராவல் ஏஜென்டுக்குப் போன் பண்ணி டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார். “ஃபுகுவோகா போனாப் போகட்டும். கியோட்டோவைப் பிடிப்பம்” என்று என்னைத் தேற்றினார். கியோட்டோ பூத்த கிழமையில் தம்பி பிறந்தான். அம்மா வீட்டுக்கு வந்ததும் பத்தியச் சாப்பாடு தொடங்கியது. “நீ போ பிள்ளை, நான் ஷிப்டை மாத்திப்போட்டு வீட்டில நிக்கிறன்” என்று அப்பா மனதாரத்தான் சொன்னார்.

“நீங்கள் வைக்கிற பத்தியக் கறியைச் சாப்பிட்டா அக்கா திரும்பவும் ஆஸ்பத்திரிதான், அத்தான்.”

டோக்கியோ போனது. சென்டாயும் போனது. தம்பி பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சனம் வந்து நிறைந்ததில் ஹிரோசாகியும் போய்விட்டது. இடையிடையே கனடாவிலிருந்து போன் வரும். அப்பா ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டுவிட்டு, “பிள்ளை ஒருக்கா ஜப்பான் போயிட்டு வரட்டும், உடனே வைப்பம்” என்பார். மறுமுனையில் என்ன நினைத்தார்களோ தெரியாது. நானோ ஒவ்வொரு ஊரும் கைவிட்டுப் போகப் போக வரைபடத்தில் வடக்கே வடக்கே ஏறிக்கொண்டிருந்தேன். இன்னும் சப்போரோ இருந்தது.

மே மாதம் அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். “இனி என்ன? பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லுறன், போங்கோவன்” என்றார் அப்பா. சின்னம்மா தம்பியின் துணிகளை மடித்துக்கொண்டே, கடை முதலாளி இப்போது லீவு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றார்.

எனக்கு முதலாளி மேல் பொல்லாத கோபம் வந்தது. புதன்கிழமை சின்னம்மாவுக்கு ஓய்வு நாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போனேன். முதலாளி உயரமான வெள்ளைக்காரர். அவருடைய மேசை என் நாடிக்கு வந்தது. சப்போரோவில் பூ ஒரு கிழமைதான் நிற்கும், தயவுசெய்து சின்னம்மாவுக்கு லீவு கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சுற்றி வந்து எனக்கு முன்னால் குந்தி, மார்ச்சில் கேட்ட லீவைச் சின்னம்மாவே வேண்டாம் என்று சொன்னதாகவும், அதற்குப் பிறகு கேட்கவேயில்லை என்றும், கேட்டால் நாளைக்கே தருவேன் என்றும் பொறுமையாகச் சொன்னார்.

வீடுவரை ஓடினேன். அப்பாவும் வந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு இருக்கும்போதுதான் சொல்லவேண்டும் என்று அடக்கி வைத்திருந்து சொன்னேன்.

“சின்னம்மா, லீவு இருக்கு! நீங்கள் கேக்கவே இல்லையாம்! கேட்டா நாளைக்கே தருவாராம்!”

யாரும் கை தட்டவில்லை. அப்பாவின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது. சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்தக் கனடாச் சம்பந்தத்தில் அப்பாவைவிட ஆசை வைத்திருந்தவர் அம்மாதான். தங்கச்சிக்குக் கட்ட ஒரு கூறைச் சேலை வேறு வாங்கி வைத்திருந்தார். தோளில் கிடந்த தம்பியைத் தட்டிக்கொண்டே அம்மாவும் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிய கை ஒரு கட்டத்தில் நின்றுபோனது. பிறகு மறுபடி தட்டத் தொடங்கியது.

“அந்த மனிசன் சும்மா சொல்லுறார்” என்றார் அம்மா. “சின்னப்பிள்ளை போய்க் கேட்டா, முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்லுவினமே? போன கிழமை நான் போன்ல கதைச்சனான். ஏலாது எண்டுதான் சொன்னவர்.”

ஆங்கிலத்தில் போன் பேச அம்மாவுக்கு நடுக்கம். டாக்டரிடம் நேரம் எடுப்பதற்குக்கூட நான்தான் பேசுவேன்.

“அம்மா, உங்களுக்கு இங்கிலிஷ்ல போன் கதைக்கப் பயமெல்லோ?”

“சாப்பிடு.”

அப்பா அம்மாவைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், பிறகு நெடுநேரம் தன் சோற்றைப் பார்த்தார். “அப்ப சரி. அடுத்த வருசம் பாப்பம். கனடாவுக்கு நான் சொல்லுறன்” என்றார். சொன்னார். அடுத்த வசந்தம் வருமுன்பே அந்த மாப்பிள்ளை கனடாவிலேயே ஒரு பெண்ணைக் கட்டிவிட்டார்.

பூப் பார்க்கப் போனால் திரும்பி வந்து கனடாவுக்குப் போயாகவேண்டும் என்பதும், போகாமல் இருந்தால் மட்டுமே அவர் எங்களோடு இருக்கலாம் என்பதும், தான் ஆசைப்பட்ட அத்தனை ஊரையும் சின்னம்மா ஒவ்வொன்றாகக் கொடுத்துத்தான் அந்த இருப்பை வாங்கினார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்ன என்னை ஒருவரும் நம்பவில்லை என்ற ஆத்திரம்தான் எனக்கு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சப்போரோவுக்காக அழுதேன். அழுது முடிந்து தண்ணீர் குடிக்கக் குசினிக்கு வந்தபோது, அம்மாவும் சின்னம்மாவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவும் தொட்டியடியில் நின்றார்கள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருடைய தோள்களும் குலுங்கின.

பாவம், ஜப்பான் போகமுடியாததை நினைத்து அழுகிறார்கள் என்று நினைத்தேன். என் கோபமெல்லாம் போய்விட்டது. கிட்டப் போய் இரண்டு பேருடைய சட்டையையும் பிடித்துக்கொண்டு, “அழாதேங்கோ, அடுத்த வருசம் கட்டாயம் போகலாம்” என்றேன். அதோடு அவர்கள் இன்னும் மோசமாகக் குலுங்கினார்கள். சின்னம்மா சவர்க்கார நுரைக் கையோடு என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அண்ணாந்து பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய நாடியிலிருந்து கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. ஏதோ ஒன்றுதான் உண்மையாக இருக்கவேண்டும் என்று நினைத்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.