பச்சைப் பட்டன்

என் கணவருக்கு வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள், ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள், அத்தோடு சரி.

அதற்கு முன்னால் நாகல் நகர்ப் பக்கம் எந்தப் பட்டறையில் புது மெஷின் இறங்கினாலும் முதல் சுவிட்சை இவர்தான் போட வேண்டும். கைராசிக்காரர் என்று பெயர். "அண்ணே, ஒங்க கையால ஒருவாட்டி போட்டுட்டுப் போங்க" என்று வாசலில் வந்து நிற்பார்கள். இவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்புவார். நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான்.

விபத்துக்குப் பின் அடுத்த தெருவில் ஒருவர் புது லேத் வாங்கினார். இவரையும் அழைத்தார். சுவிட்ச் போட மட்டும் வேறு ஆள். கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் அதைப் பிரிக்கவே இல்லை. பாவிகள், சோறு போட்டு அவமானப்படுத்தவும் ஒரு மனசு வேண்டும்.

அன்றிலிருந்து மூலையில் முடங்கிவிட்டார். வேலைக்குக் கூப்பிட ஆளில்லை, கூப்பிட்டாலும் போவதாக இல்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் செல்போனை என்னிடம் நீட்டினார். வீடியோவில், யாரோ வீட்டிலேயே செய்த சி.என்.சி. மில்லிங் மெஷின். கம்ப்யூட்டர் சொன்னபடி மோட்டார்கள் நகர்த்த, அது தானே உலோகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? இதுல கை வைக்கிற சோலியே இல்ல."

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! "செய்யுங்க, நானும் கூட வர்றனுங்க" என்றேன். நான் கீரனூர்க்காரி, எங்கள் ஊர்ப் பேச்சில் இந்த 'ங்க' மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

சாமான் தேர்ந்தெடுப்பதில் மனிதர் என்னைப் படுத்தியெடுத்துவிட்டார். மெஷினின் சட்டத்துக்கு அலுமினியம் போதுமே, தூக்க லேசாக இருக்குமே என்றேன். "லேசா இருந்தா வெட்டுறப்ப நடுங்கும். வெட்டுன எடமெல்லாம் வரிவரியா விழும்" என்று கனத்த இரும்புச் சேனலைத் தேடிப் பிடித்தார். மேஜையை முன்னும் பின்னும் தள்ளுகிற திருகுக் கம்பிக்கு, நட்டுக்குள் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சாதாரணக் கம்பியில் திசை மாறும்போது நட்டு கொஞ்சம் ஆடுமாம். அந்த ஆட்டம் அப்படியே வேலையில் தெரியுமாம். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. பிரித்த மெஷின்களின் சாமான் விற்கும் கடை கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினோம்.

அங்கே ஒரு பால் ஸ்க்ரூவை எடுத்து நட்டை அசைத்துப் பார்த்தார். இரண்டு விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இடது கைக்கு அந்தப் பழக்கமில்லை. கடைக்காரர் இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் சட்டென்று அந்த ஸ்க்ரூவை என்னிடம் நீட்டினார்.

"நீ அசைச்சுப் பாரு. ஆடுதா?"

கண்ணை மூடிக்கொண்டு அசைத்தேன். "கொஞ்சூண்டு ஆடுதுங்க."

"அப்ப வேணாம். அடுத்தத எடு."

இப்படியே மோட்டார், பேரிங், மேஜை சறுக்கி ஓடும் ரெயில் எல்லாமே என் விரல் வழியாகத்தான் அவருக்குத் தெரிந்தன. எனக்கு அழுகை ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். இந்த மெஷின் ஓடட்டும், முதல் சுவிட்சை இந்த மனுஷன் கையாலேயே போடட்டும், அப்புறம் ஊர்க்காரர்கள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள் பார்க்கலாம் என்று இருந்தேன். அதனால் சுவிட்சை மட்டும் நானே தேர்ந்தெடுத்தேன். கட்டை விரலால் அழுத்த வாகாக, பெரிய பச்சைப் பட்டன்.

மெஷின் தயாரானதும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சட்டத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் நறுக்கினேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தேன். அவரோ பழைய பனியனோடு வந்து நின்றார்.

"போடுங்க."

"நீ போடு."

"என்னங்க பேச்சு இது?"

"என் கை வேணாம் புள்ள. அம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சிருக்கோம். வெளங்காமப் போயிரும்."

ஊர்க்காரன் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவர் வாயிலிருந்தே வந்தால் நான் யாரோடு சண்டை போடுவது? கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்துப் பட்டனுக்கு இழுத்தேன். உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். விட்டுவிட்டேன்.

நானே அழுத்தினேன். மெஷினின் வெட்டுமுனை ஒரு திணறல்கூட இல்லாமல் இறங்கி அலுமினியத் தகட்டில் வட்டம் வெட்டியது. அவர் வெர்னியர் அளவுகோலை வைத்துக் குறுக்கே அளந்தார், நெடுக்கே அளந்தார், மறுபடியும் அளந்தார். மயிரிழை பிசகவில்லை. கொஞ்சம் பிசகியிருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

என்னைப் பார்த்துச் சிரித்தார். விபத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு.

"நான் சொல்லல? எல்லாம் ஒன் கைராசி."

வேலை வருகிறது, குறையில்லை. ஆனால் தினமும் காலையில் உலை வைத்துவிட்டு நான் போய்ப் பட்டனை அழுத்தினால்தான் தொடங்குகிறார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன மாதம் கீரனூர் போய்ச் சில நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது மெஷின்மேல் துணி போர்த்திக் கிடந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா" என்று எழுந்து, துணியை விலக்கிவிட்டு, நான் பட்டனை அழுத்த வழி விட்டு நின்றார்.